மகோகனி என்ற பெயர் எந்த மரத்துக்கு உரியது?

கேள்வி – 9 ஜனவரி 2021
பட்டுக்கோட்டைக்கு அருகில் எங்கள் தோப்பின் வரப்பில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் முப்பது மகோகனிக் கன்றுகள் நட்டோம். "கியூபா மகோகனி, அசல் ரகம்" என்று சொல்லி நாற்றுப்பண்ணையில் கூடுதல் விலை வாங்கினார்கள். கொடுத்த சீட்டில் "ஸ்வீட்டீனியா மஹோகனி, பெயரிட்டவர் லின்னேயஸ்" என்று அச்சிட்டிருந்தது. இப்போது மரம் பார்க்க வந்த வியாபாரி, இது அந்த மரமே அல்ல என்கிறார். கரீபியன் தீவுகளின் மகோகனியும் இதுவும் ஒன்றா, வேறா?

9 ஜனவரி, இரவு
சீட்டிலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது எழுத்துப்பிழை. மரத்தின் முறையான பெயர் ஸ்வீட்டீனியா மஹகோனி. 'ம'வுக்கு அடுத்த 'ஹ' அகரமாகவே நிற்கிறது, ஓகாரம் அதற்கடுத்த எழுத்தில்தான் வருகிறது. ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கேட்டுப் பழகியவர்கள் ஓகாரத்தை ஓரெழுத்து முன்னே தள்ளிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். இரண்டாவது, பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் அல்லர். ஸ்வீட்டீனியா என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) 1760-இல் நிறுவியவர் தாவரவியலாளர் நிக்கோலஸ் ஜாக்கின். லின்னேயஸுக்கு இதில் பங்கில்லை.

மரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் அனுப்பிய படத்தில் சிற்றிலைகள் சிறியனவாகத் தெரிவதால் அது கரீபியன் மகோகனியாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

10 ஜனவரி, காலை
நேற்றைய குறிப்பின் கடைசி இரண்டு முடிவுகளையும் திரும்பப் பெறுகிறேன்.

லின்னேயஸுக்குப் பங்கு உண்டு. 1759-இல் 'இயற்கை முறைமை' நூலின் பத்தாம் பதிப்பின் இரண்டாம் தொகுதியில் அவர் இந்த மரத்தைச் செட்ரெலா என்ற பேரினத்தில் சேர்த்துச் செட்ரெலா மஹகோனி என்று பெயரிட்டார். மறு ஆண்டே ஜாக்கின் அதைச் செட்ரெலாவிலிருந்து பிரித்துப் புதிய பேரினத்தில் வைத்தார். பேரினம் மாறினாலும் முதலில் வைத்த அடைமொழி, அதாவது பெயரின் இரண்டாம் சொல், கூடவே போகவேண்டும் என்பது தாவரப் பெயரிடல் விதி. ஆகவே 'மஹகோனி' லின்னேயஸின் எழுத்துக்கூட்டலோடு அப்படியே நின்றது. தாவர நூல்களில் லின்னேயஸின் பெயர்ச்சுருக்கத்தை அடைப்புக்குறிக்குள்ளும் ஜாக்கினின் பெயரை அதற்கு வெளியேயும் போடுவது இதற்காகத்தான். பெண் மறுமணம் செய்துகொண்டு வேறு வீட்டுக்குப் போனாலும் பிறந்த வீட்டுப் பெயரை விடாததுபோல என்று சொல்லலாம். ஒப்புமை முழுவதும் பொருந்தாது.

படத்தைப் பார்த்து இனத்தைச் சொன்னது அதைவிடப் பெரிய அவசரம். அருகில் அளவுகோல் இல்லாத படத்தில் எந்த இலையும் சிறிதாகத்தான் தெரியும். நன்றாக வெயில் படும் கிளையிலிருந்து முற்றிய இலைகள் பத்தைப் பறித்து, சிற்றிலைகளின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். காய் இருந்தால் அதன் நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

12 ஜனவரி
செட்ரெலாவிலிருந்து ஏன் பிரிக்க வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் பஹாமாஸின் தலைநகரான நசாவில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அலுவலக வாசலில் ஒரு மகோகனி நின்றது. அதன் பூ மிகச் சிறியது. வெளிறிய பச்சை நிறத்தில் இருக்கும். உதிர்ந்து நடைபாதையில் தவிடுபோலக் கிடக்கும். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கண்ணாடி ஒன்றைக் கடன் வாங்கி ஒருநாள் அதைப் பார்த்தேன். இதழ்கள் ஐந்து. அவற்றின் நடுவே பானை வடிவத்தில் ஒரு சிறு குழல் நிற்கிறது. அதன் விளிம்பில் பத்துப் பற்கள், உட்புறத்தில் பத்து மகரந்தப் பைகள். மகரந்தத் தாள்கள் பத்தும் ஒன்றாக ஒட்டி அந்தக் குழலாகியிருக்கின்றன. செட்ரெலாவில் தாள்கள் ஐந்து மட்டுமே, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். மகரந்தத் தாள்களை எண்ணியே தாவர உலகத்தை வகுத்தவர் லின்னேயஸ். அவருடைய கணக்குப்படியே கூட ஐந்தும் பத்தும் ஒரே பெட்டியில் அடங்கா.

வேப்பம்பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழல் புதிதல்ல, அதிலும் பத்துத் தாள்கள் குழலாகத்தான் இருக்கின்றன. வேம்பும் மகோகனியும் செட்ரெலாவும் மீலியேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

காயிலும் வேறுபாடு உண்டு. செட்ரெலாவின் காய் நுனியிலிருந்து பிளக்கும். மகோகனியின் காய் காம்புப் பக்கத்திலிருந்து பிளந்து, ஐந்து கனத்த ஓடுகளாகக் கழன்று விழும். நசாவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த ஓடுகள் எங்கள் தகரக் கூரையில் விழும் ஓசைக்கு, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வெளியே ஓடிப் பார்த்திருக்கிறார்கள். ஓடுகள் போன பிறகும் ஐந்து பட்டை கொண்ட நடுத்தண்டு கிளையிலேயே நிற்கும். அதில் அடுக்கிய இறகு விதைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, சுழன்றுகொண்டே இறங்கும்.

12 ஜனவரி, சற்றுப் பின்
மேலே "பானை வடிவம்" என்று எழுதியதற்கு ஒருவர் சிரித்திருக்கிறார். குறுகிய வாய்ப் பானை, ஐயா, அண்டா அல்ல.

13 ஜனவரி
ஸ்வீட்டீனியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் அரண்மனை மருத்துவர் ஹெரார்ட் ஃபான் ஸ்வீட்டன் (1700–1772). அவரும் ஜாக்கினும் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பிறந்தவர்கள். ஜாக்கின் வியன்னாவுக்கு வந்ததும் அவருடைய ஆதரவில்தான். பேரரசர் முதலாம் பிரான்சிஸ் ஷோன்ப்ருன் அரண்மனைத் தோட்டத்துக்குச் செடிகள் சேர்த்து வரும்படி ஜாக்கினைக் கரீபியனுக்கு அனுப்பினார். 1750-களின் பிற்பாதியில் அங்கே அலைந்து திரும்பியவர், 1760-இல் வெளியிட்ட சிறு பட்டியல் நூலில் தம் ஆதரவாளருக்கு இந்த மரத்தைக் காணிக்கையாக்கினார். இதே ஸ்வீட்டன்தான் 1755-இல், இறந்தவர்கள் எழுந்து வந்து இரத்தம் குடிக்கிறார்கள் என்று மொராவியாவில் எழுந்த பீதி வெறும் மூடநம்பிக்கை என்று பேரரசிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர். பிணங்களைத் தோண்டியெடுத்து எரிக்கும் வழக்கம் அதன்பின் தடை செய்யப்பட்டது. மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

14 ஜனவரி
பேரினமும் அடைமொழியுமாக இரண்டு சொல்லால் பெயரிடும் முறை வருவதற்கு முன்னால் இந்த மரத்தை எப்படிக் குறிப்பிட்டார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மார்க் கேட்ஸ்பி கரோலினா, புளோரிடா, பஹாமாஸ் பகுதிகளின் இயற்கை வரலாற்றை 1731 முதல் 1743 வரை படங்களோடு வெளியிட்டார். அதில் மகோகனிக்கு அவர் தந்த இலத்தீன் பெயர் ஒரு முழு வாக்கியம். தமிழில் சொன்னால், "சிறகுபோன்ற கூட்டிலை கொண்டதும், நுனியை அடைக்கும் ஒற்றைச் சிற்றிலை இல்லாததும், நரம்பு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவதுமான மரம்". பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மரத்தை வெட்டிவிடலாம். ஆனாலும் நான் பார்த்த எல்லா விளக்கங்களிலும் கையில் இலையை வைத்துக்கொண்டு சரிபார்க்க உதவியது இதுதான். சிற்றிலையின் நடுநரம்பு உண்மையிலேயே நடுவில் ஓடுவதில்லை. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் அரிவாள் முதுகுபோலக் குறுகியும் இருக்கும். இருசொற்பெயரில் இந்த விவரம் எதுவும் இல்லை. அது அடையாளம் காட்டும் சீட்டு மட்டுமே, விளக்கம் அன்று.

17 ஜனவரி
"பெரிய இலை மகோகனியும் கரீபியன் மரம்தானே, மார்ட்டினிக்கில் காடு காடாக இருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மார்ட்டினிக்கில் இருப்பவை நட்டு வளர்த்த தோட்டங்கள். பெரிய இலை மகோகனியான ஸ்வீட்டீனியா மேக்ரோஃபில்லா மெக்சிகோ தொடங்கி பொலிவியா, பிரேசில் வரை கண்டத்து நிலப்பரப்பில் இயற்கையாக வளர்வது. தீவு மகோகனியான ஸ்வீட்டீனியா மஹகோனி தென் புளோரிடா, பஹாமாஸ், கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா (ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள தீவு) ஆகிய இடங்களுக்கு உரியது. மார்ட்டினிக் உள்ளிட்ட கிழக்குக் கரீபியனின் சிறு அண்டிலீஸ் தீவுகளுக்கு அதுவும் வந்தேறிதான். பேரினத்தின் மூன்றாவது இனமான ஹுமிலிஸ், மத்திய அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து வறண்ட சரிவுகளில் வாழும் சிறுமரம்.

இதில் என்னை நெடுநாள் வியக்க வைத்த செய்தி மேக்ரோஃபில்லாவின் பெயர்சூட்டு வரலாறு. ஐரோப்பிய மேசைகளுக்காக மத்திய அமெரிக்கக் காடுகளில் அந்த மரத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகள். அத்தனை காலமும் அது தனி இனம் என்று யாரும் முறைப்படி எழுதி வைக்கவில்லை. 1872-இல் ஹோண்டுராஸிலிருந்து வந்த விதைகள் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் முளைத்தன. அதே பூங்காவில் 1795-இல் ஜமைக்காவிலிருந்து வந்த தீவு மகோகனி ஏற்கெனவே வளர்ந்து நின்றது. இரண்டையும் ஒரே மண்ணில் அருகருகே பார்க்க வாய்த்த பூங்காக் கண்காணிப்பாளர் ஜார்ஜ் கிங், 1886-இல் பெரிய இலை மரத்தைப் புதிய இனமாக அறிவித்தார். அமெரிக்கக் காட்டு மரத்தின் அறிவியல் பெயர் வங்காளத்துத் தோட்டத்து மரங்களைக் கொண்டு எழுதப்பட்டது.

18 ஜனவரி
நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் மேக்ரோஃபில்லா இந்திய மரம் என்று பதிவு செய்யலாமே" என்று ஒருவர் கேட்கிறார். பிறப்புச் சான்றிதழ் எங்கே எழுதப்பட்டது என்பது வேறு, எங்கே பிறந்தது என்பது வேறு. பெயருக்குச் சான்றாக வைத்த உலர்ந்த செடியின் மாதிரித் தாள் கல்கத்தாவைச் சேர்ந்தது. மரம் ஹோண்டுராஸைச் சேர்ந்தது.

கிங்குக்குப் பின் வந்தவர்கள் கண்டத்து மரத்தை மேலும் பல இனங்களாகப் பிரித்தார்கள். பிட்டியர், ஹார்ம்ஸ், கிளீசன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். 1981-இல் வெளிவந்த பென்னிங்டனின் மீலியேசி ஆய்வு நூலில் அவை எல்லாம் மேக்ரோஃபில்லாவின் ஒத்தபெயர்களாக, அதாவது அதே இனத்தின் மறுபெயர்களாக அடங்கி, பேரினத்தில் மூன்றே இனங்கள் எஞ்சின.

21 ஜனவரி
தீவுகளில் மக்கள் சொல்லும் பெயர்கள். நசாவில் முதியவர்கள் இதை 'மடெய்ரா' என்பார்கள். மடெய்ரா என்றால் போர்த்துகீசிய மொழியில் மரம். மரத்துக்கு மரம் என்றே பெயர்! நான் கணக்குப் புத்தகத்தில் "மடெய்ரா மேசை ஒன்று" என்று எழுதியபோது, போர்ச்சுகலுக்குரிய மடெய்ராத் தீவிலிருந்து இறக்குமதியான மேசை என்று தணிக்கைக்கு வந்தவர் எடுத்துக்கொண்டு சுங்க ரசீது கேட்டார். அரை நாள் வீணாயிற்று. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் 'கவோபா', தீவுகளின் பூர்வகுடிகளான தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வாங்கிய சொல். ஹைட்டியில் 'கஜூ'. பிரெஞ்சில் 'அகஜூ' என்பது மகோகனியையும் குறிக்கும், முந்திரியையும் குறிக்கும். மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளிலோ 'உள்ளூர் அகஜூ' என்றால் செட்ரெலா. மஹகோனியையும் மேக்ரோஃபில்லாவையும் அங்கே 'சிறிய இலை மகோகனி', 'பெரிய இலை மகோகனி' என்றே பிரித்துச் சொல்கிறார்கள். தாவரவியலாளர் நூறாண்டு எடுத்துக்கொண்டு வகுத்ததை அந்த ஊர்த் தச்சர் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்.

மகோகனி என்ற சொல்லோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் 'ஓகன்வோ' என்பது காயா என்ற ஆப்பிரிக்க மரத்தின் பெயர். ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், தங்கள் ஊர் மரத்தைப் போலவே இருந்த இந்த மரத்தை அந்தப் பெயரால் அழைத்தார்கள்.

22 ஜனவரி
மேற்கண்ட பத்தியை உறுதியான செய்திபோல எழுதிவிட்டேன். அது 1960-களில் வனவியலாளர் ப்ரூஸ் லாம்ப் முன்வைத்த கருத்து. சொல்லாய்வாளர்களிடையே மறுப்பும் உண்டு, அது கரீபியன் பூர்வகுடிச் சொல்லாக இருக்கலாம் என்பாரும் உண்டு. கருத்து அழகாக இருந்ததால் நம்பினேன். காயா மரத்தை ஸ்வீட்டீனியாவோடு ஒன்றாக எண்ணியதில் அந்த மக்கள் மட்டும் தனியல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செனகல் காயாவுக்குத் தாவரவியலாளர் தெரூசோ வைத்த முதல் பெயரே ஸ்வீட்டீனியா செனகலென்சிஸ். 1830-இல் அட்ரியன் ஜூஸ்யூதான் அதைத் தனிப் பேரினமாக்கினார்.

24 ஜனவரி
ஸ்வீட்டீனியா ஒரு காலத்தில் கிடைத்ததையெல்லாம் போட்டுவைக்கும் கூடையாக இருந்தது என்பதற்கு நம்மிடமே இரண்டு சான்றுகள் உள்ளன. 1795 முதல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் நூலில் வில்லியம் ராக்ஸ்பரோ, காய்ச்சலுக்குப் பட்டை பயன்படும் ஒரு மரத்தை ஸ்வீட்டீனியா ஃபெப்ரிஃபியூகா என்றும், மஞ்சள் மினுமினுப்புக் கட்டையுடைய இன்னொரு மரத்தை ஸ்வீட்டீனியா குளோராக்சைலான் என்றும் எழுதினார். முதலாவது இப்போது சோய்மிடா என்ற தனிப் பேரினம். இரண்டாவது, தமிழ்நாட்டில் பொரசு என்றும் இலங்கையின் வன்னியில் முதிரை என்றும் வழங்கும் மரம். 1824-இல் டி கண்டோல் அதைப் பிரித்தெடுத்தபோது பெயரைத் திருப்பிப் போட்டு குளோராக்சைலான் ஸ்வீட்டீனியா ஆக்கினார். குடும்பமும் மாறிற்று, இப்போது அது எலுமிச்சையின் குடும்பத்தில் இருக்கிறது. வன்னியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வீட்டு முதிரைக் கட்டிலைப் பெருமையோடு காட்டியபோது, அதில் ஒரு வியன்னா வைத்தியர் ஒளிந்திருக்கிறார் என்றேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

31 ஜனவரி
கேட்டவரிடமிருந்து அளவுகள் வந்துள்ளன. சிற்றிலைகள் 7 முதல் 9 சென்டிமீட்டர். ஒரு கூட்டிலையில் நான்கு அல்லது ஐந்து இணைகள். காய் 11 சென்டிமீட்டர். தீவு மகோகனியின் சிற்றிலை பெரும்பாலும் 6 சென்டிமீட்டரைத் தாண்டாது, காயும் 10-க்குள் நின்றுவிடும். மேக்ரோஃபில்லாவின் சிற்றிலை சாதாரணமாக 9-க்கு மேல். காய் 12 முதல் 20 வரை. உங்கள் மரம் இரண்டு பட்டியலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது.

இப்படி நடுவில் நிற்கும் மரங்கள் கரீபியனில் நன்கு அறியப்பட்டவை. செயின்ட் க்ரோய் தீவில் முதலில் நட்டது சிறிய இலை மரம். பெரிய இலை மரம் பின்னால் வந்தது. இரண்டும் தாமாகவே கலந்து நடுத்தர இலை கொண்ட கலப்பினம் பிறந்தது. இரு பெற்றோரையும் விட அது நடவுக்கு ஏற்றது என்று அங்கும் போர்ட்டோ ரிக்கோவிலும் விரும்பி வளர்க்கிறார்கள். பிரெஞ்சு அண்டிலீஸில் இதே கலப்புக்கு ஸ்டெலே, கியூசின் ஆகிய இருவர் வனவியலாளர் ஓப்ரவில்லின் நினைவாக ஓப்ரவில்லியானா என்று பெயரிட்டார்கள். கலப்பினம் என்பதைக் காட்ட அந்தப் பெயருக்கு முன் பெருக்கல் குறி போடுவது வழக்கம்.

இவ்வளவு எளிதாகக் கலந்து, விதை பிடித்து, வளமாக வளரும் இரண்டை வெவ்வேறு இனம் என்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. இதில் நான் பலமுறை கட்சி மாறியிருக்கிறேன். நசாவில் இருந்தவரை அவை இரண்டும் வேறு என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. காரணம், அங்கே நான் பார்த்தது ஒன்றை மட்டும். கலப்பினத்தை நேரில் பார்த்த பிறகு எல்லாம் ஒன்றே என்று சில காலம் வாதிட்டேன். இப்போது மீண்டும் இரண்டு என்றே கொள்கிறேன். சுண்ணாம்புப் பாறையில், உப்புக் காற்றில், குறைந்த மழையில் குள்ளமாக வளரும் மரமும், ஈரக் காட்டில் நாற்பது மீட்டர் வரை எழும் மரமும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தவை. கடல் அவற்றைப் பிரித்து வைத்திருந்தது. இணைத்தவர்கள் தோட்டக்காரர்கள். ஹுமிலிஸைப் பற்றி இதே உறுதி எனக்கில்லை. கோஸ்டாரிகாவில் அதுவும் மேக்ரோஃபில்லாவும் எல்லை தொட்டு நிற்குமிடத்தில் இயற்கையாகவே கலக்கின்றன.

2 பிப்ரவரி
"பெயர் எதுவானால் என்ன, கட்டைதானே விலை போகிறது" என்பவருக்கு: அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஹுமிலிஸ் 1975-இலும், மஹகோனி 1992-இலும் சேர்ந்தன. மேக்ரோஃபில்லாவைச் சேர்த்தது 2003 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதி மரங்களுக்கு மட்டும். ஆசியாவில் நட்டு வளர்த்த மேக்ரோஃபில்லா அந்தக் குறிப்பின்படி பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. மஹகோனிக்கு அத்தகைய நில எல்லை இல்லை. ஆகவே "கியூபா மகோகனி" என்று பெருமைக்காகச் சீட்டில் அச்சிட்டவர், அது உண்மையானால் ஏற்றுமதியில் வரும் தாள் வேலையையும் சேர்த்தே விற்றிருக்கிறார்.

வியாபாரி சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். பழைய மரச்சாமான்களில் பார்க்கும் தீவுக் கட்டையின் வைரம் (முற்றிய நடுக்கட்டை) அடர்ந்தும் கனத்தும் இருக்கும். காவிரிக் கழிமுகத்து வண்டலில் பதினோரு ஆண்டில் விறுவிறுவென்று பருத்த எந்த மகோகனியிலும் அந்த வைரத்தை எதிர்பார்க்க முடியாது. அவர் கட்டையைப் பார்த்துச் சொல்கிறார். நாம் இலையையும் காயையும் பார்க்கிறோம்.

3 பிப்ரவரி
முப்பது மரங்களில் ஒன்றை மட்டும் அளந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஒரே மரத்தின் விதையாக இருந்தாலும், தாய்மரம் கலப்பினமானால் பிள்ளைகள் ஒன்றுபோல் இருக்கமாட்டா; ஒன்று சிறிய இலைப் பக்கமும் மற்றொன்று பெரிய இலைப் பக்கமும் சாயும். வரப்பின் இரு கோடியிலிருந்தும் நடுவிலிருந்தும் குறைந்தது ஆறு மரங்களையாவது பாருங்கள். காய் பிளக்கும் நேரம் நெருங்கிவிட்டது. காம்புப் பக்கம் வெடிப்பு தெரிந்ததும் காயைப் பறித்து, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் விதைகள் சிதறா. விதையை இறகோடு சேர்த்து அளந்து எழுதுங்கள். 5 சென்டிமீட்டருக்குள் என்றால் சிறிய இலைப் பக்கம், 8-க்கு மேல் என்றால் பெரிய இலைப் பக்கம். ஒவ்வொரு மரத்தின் விதைகளையும் தனித்தனி உறையில் போட்டு, உறையின் மேலே வரப்பில் அது எத்தனையாவது மரம், பறித்த தேதி என்ன என்று எழுதுங்கள். இனப்பெயருக்கான இடத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.